இப்போதைக்கு ஒரு மெஷின்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் உறுதியான செய்தி. உங்கள் கப்பல் விற்பனையாகும்வரை நங்கூரம் போட்ட இடத்தைவிட்டு நகரக் கூடாது, அதில் ஒரு கேப்டனும் தகுதியுள்ள ஒரு இன்ஜினியரும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் திங்கட்கிழமை உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் துறைமுக ஊரில் நீதிமன்றச் செய்தி எழுதும் என் நண்பர் உத்தரவின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போனில் வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "தகுதியுள்ள ஒரு இன்ஜினியர்" என்றுதான் இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. மாற்றாள் வந்தால் நீங்கள் இறங்கலாம். மாற்றாளை யார் அனுப்புவது, எப்போது அனுப்புவது என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கப்பல் முதலாளி கடனைக் கட்டாமல் கையை விரித்துவிட்டுக் காணாமல் போனதால் நீதிமன்றமே ஒரு ஏஜென்ட்டை நியமித்திருக்கிறது. டீசல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் இனி அவர் பொறுப்பு. சாட்டிலைட் இணைப்பைத் திரும்பக் கொடுப்பாரா என்று நண்பரை விட்டுக் கேட்கச் சொன்னேன். "இப்போதைக்கு அத்தியாவசியம் மட்டும்தான்" என்றாராம். உங்கள் செல்போனுக்கும் கரையிலிருந்து சிக்னல் எட்டவில்லை என்கிறீர்கள். ஆகவே தண்ணீர்ப் படகுக்காரர் கையில் போய்வரும் கடிதம்தான் நமக்கு.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. கடைசித் துறைமுகத்தில் மகளுக்குப் புது கேம் மெஷின் வாங்கினீர்களாம், பிளஸ் மாடலாம், என் தங்கை நேற்றுதான் சொன்னாள். அதே மாடலைப் பற்றி நான் எழுதியது போன வாரம் பத்திரிகையில் வந்துவிட்டது. நறுக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

நான் எழுதியதன் சாரம் இது. பிளஸ் என்பது புதுத் தலைமுறை மெஷின் அல்ல. ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் நடுவில், கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் விடுகிற மாடல். பழையதில் ஓடும் அதே விளையாட்டுகள்தான் இதிலும் ஓடும். படம் இன்னும் தெளிவாக இருக்கும், ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது ஓர் இடத்தில்தான்: தண்ணீரில். அலையின் மேல் வெளிச்சம் உடையும் விதம் பழையதில் இப்படி இல்லை. வாங்கலாமா என்று கேட்கிற வாசகரிடம் நான் எப்போதும் திருப்பிக் கேட்பது ஒரு கேள்வி. பழையதில் செய்ய முடியாத எதை இதில் செய்யப்போகிறீர்கள்? பதில் இல்லையென்றால் வேண்டாம்.

மகள் நலம். டிவி மேசையில் பழைய மெஷினை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அங்கே ரிமோட்டை வைத்ததற்கு எனக்கே திட்டு விழுந்தது.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 21

மச்சான்,

உங்கள் நறுக்கை மெஸ்ஸில் சமையல்காரர் சத்தம் போட்டுப் படித்தார். இப்போது நாங்கள் நாலு பேர்தான் கப்பலில். கேப்டன், நான், எலக்ட்ரீஷியன், சமையல்காரர். "பழைய மெஷின் நன்றாக ஓடுகிறவர்கள் இதை வாங்கத் தேவையில்லை" என்ற வரி வந்ததும் மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சீஃப், உங்க மச்சான் பத்திரிகையில உங்களைத்தான் திட்டியிருக்காரு" என்றார் எலக்ட்ரீஷியன். கேப்டன் மட்டும் என் கட்சி. "எழுதறவர் வீட்ல ஃபேன் ஓடுது. வேற எப்படி எழுதுவாரு?" என்றார்.

தண்ணீர் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி. எனக்குப் பார்க்கத் தண்ணீர் இல்லாமல்தான் கஷ்டமாக இருந்தது.

ஏன் வாங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். லீவுக்கு வரும்போதெல்லாம் நான் கொண்டுவருகிற சாமான் மகளைவிட ஒரு வயது சின்னதாக இருக்கிறது. கவுன் பத்தாது. பொம்மையைப் பார்த்து, "அப்பா, நான் இப்ப இதெல்லாம் வெச்சு விளையாடறதில்ல" என்பாள், என் மனது நோகாமல். இது ஒன்றுதான் அளவு பார்க்காமல் வாங்கக்கூடியது. உங்கள் கேள்விக்கு என் பதில் அது. எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஜெனரேட்டர் மாலையில் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துக்குள் தண்ணீர் ஏற்ற வேண்டும், ஃப்ரிட்ஜைக் குளிர வைக்க வேண்டும், டார்ச்சுக்கெல்லாம் சார்ஜ் போட வேண்டும். மற்ற நேரமெல்லாம் இரும்புச் சுவர் வெயிலை வாங்கி உள்ளே விடுகிறது. கப்பல் நங்கூரச் சங்கிலியின் நீளத்துக்கு வட்டம் போடுகிறது. காலையில் என் ஜன்னலில் தெரிந்த கரை மாலையில் எதிர்க் கேபின் ஜன்னலில் தெரியும். கரையில் கார்கள் போகின்றன, யாரோ மொட்டைமாடியில் துணி எடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நிற்கலாம். இறங்க முடியாது. நான் இறங்கினால் கப்பலில் இன்ஜினியர் இல்லை, அது குற்றம்.

மெஸ்ஸில் ஒரு பழைய கேம் மெஷின் இருந்தது, அவளிடம் இருக்கிற அதே மாடல். மாலையில் ஜெனரேட்டர் நேரத்தில் நாலு பேரும் கால்பந்து ஆடுவோம். கேப்டன் எந்த அணியை எடுத்தாலும் தோற்பார், தோற்றதும் நடுவரைத் திட்டுவார். அந்த மெஷின் போன வாரம் படுத்துவிட்டது. கழற்றி, தூசி எடுத்து, சூடு கடத்தும் பசை மாற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் ஃபேன் கத்திக் கத்தி அணைந்துவிடுகிறது. பெரிய இன்ஜினையே எழுப்பத் தெரிந்தவனுக்கு இந்த டப்பாவை எழுப்பத் தெரியவில்லை.

உங்களுக்கே தெரியும் அடுத்து என்ன என்று. எலக்ட்ரீஷியன் என் கேபின் வாசலில் நின்றுகொண்டு, கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார். "சீஃப், சும்மா பார்த்துட்டு அப்படியே மூடிடலாம்." நான் சொன்னேன், "அதைப் பிரிச்சா நாம இங்கேயே குடிவந்துட்டோம்னு அர்த்தம்." அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. யாரும் கேட்காததுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது.

மாற்றாள் பற்றி விசாரியுங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை


ஏப்ரல் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறுதியான செய்தி நல்ல செய்தியல்ல. செவ்வாய்க்கிழமை ஏலத்தில் உங்கள் கப்பலை ஒருவரும் கேட்கவில்லை. ஏஜென்ட் அலுவலக மேலாளரே என்னிடம் சொன்னார். அடுத்த ஏலத்துக்குத் தேதி குறிக்கவில்லை. மாற்று இன்ஜினியர் பற்றிக் கேட்டதற்கு, "இப்போதைக்கு யோசிக்கல" என்றார்.

பெட்டியைப் பற்றி நான் உடனே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பிளஸ் மாடலில் டிஸ்க் போடும் வாய் கிடையாது. அதைத் தனியாக விற்கிறார்கள். நீங்கள் அதையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்று தங்கை சொல்கிறாள். ஆனால் அதை மெஷினோடு பொருத்தியதும் முதல் தடவை ஒரே ஒருமுறை இணையத்தில் போய்த் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். அதுவரை டிஸ்க்கைத் தொடாது. என் வீட்டில் எப்போதும் நெட் இருப்பதால் அந்தக் கட்டம் கண்ணெதிரில் வந்துபோனது எனக்குத் தெரியவில்லை. ஒரு வாசகர் எழுதிக் கேட்டார், திருத்தம் போட்டோம். அதனால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்: இப்போது பிரித்தாலும் பிரயோஜனமில்லை. அவர் படம் வராத மெஷினைப் பார்த்து ஏமாறுவது ஒன்றுதான் மிச்சம்.

மகளிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். "பிரிக்க வேண்டாம்னு எழுதுங்க மாமா" என்றாள். தங்கை அடுக்களையிலிருந்து, "அந்த மனுஷன் முதல்ல தன்னைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு வரட்டும்" என்று குரல் கொடுத்தாள். சிரித்தோம். பிறகு தங்கை வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்துப் பாத்திரம் கழுவினாள். அத்தனை பாத்திரம் அங்கே இருக்கவில்லை.

மகள் வேறொன்றும் கேட்டாள். "இப்போதைக்குன்னா எவ்வளவு நாள் மாமா?" நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் செய்தி ஆசிரியர் அந்தச் சொல்லைக் கண்டாலே சிவப்பு மையால் அடிப்பார். "இதுக்குத் தேதி கிடையாதுய்யா. தேதி இல்லாததைச் செய்தியில எழுதாதே. என்ன பாக்கி, எப்போ தெரியும், அதை எழுது" என்பார். அதை அவளிடம் சொன்னேன். "அப்பா எப்பவும் அந்த வார்த்தையைத்தான் சொல்வாரு. இப்போதைக்கு ஒரு ட்ரிப், இப்போதைக்கு இந்தக் கம்பெனி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கணக்கெடுத்த மாதிரி சொன்னாள்.

மச்சான்


ஏப்ரல் 22

மச்சான்,

ஏஜென்ட் வந்தார். பளபளக்கிற ஷூவோடு கயிற்று ஏணியில் ஏறினார், அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். மெஸ்ஸில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் கஷ்டத்தைப் பார்த்துத் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றார். சமையல்காரர் அவருக்குக் காபி கொடுத்தார், சர்க்கரை இல்லாமல். தீர்ந்துபோய்விட்டது.

விஷயம் இது. கப்பலுக்குச் சாட்டிலைட் டிஷ் போடுகிறார். நெட் வரும். ஜெனரேட்டருக்கு நாள் முழுக்க டீசல். ஏசி. காய்கறி. பதிலுக்கு நானும் கேப்டனும் கப்பலின் காப்பாளர் என்று கையெழுத்துப் போட வேண்டும், விற்பனை முடிகிறவரை. "இப்போதைக்குத்தான் சார், வித்துடும்" என்றார். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கேப்டன், "இவன் போட்டா நானும் போடறேன்" என்று சொல்லிவிட்டு என் தலையில் இறக்கிவைத்தார். மே எட்டாம் தேதியிலிருந்து பத்து நாளைக்கு டிஷ், டீசல், காய்கறி எல்லாவற்றையும் சும்மா தருகிறார், பழகிப் பார்க்க. அப்புறம் பேனாவோடு வருவாராம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே கப்பல், அதே சங்கிலி, கொஞ்சம் வெளிச்சம் கூட. இதுவும் ஒரு பிளஸ் மாடல்தான். வேண்டாம் என்று எழுதுவீர்கள்.

ஆனால் மச்சான், உங்கள் கட்டுரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய மெஷின் நன்றாக ஓடுகிறவனைப் பார்த்துத்தான் நீங்கள் பேசுகிறீர்கள். பழையது எரிந்துபோனவன் என்ன செய்வான்? அடுத்த தலைமுறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கடையில் இருப்பது இந்த நடு மாடல் மட்டும்தான். அவனும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வெறும் கையோடு உட்கார வேண்டுமா?

பழையதில் செய்ய முடியாத எதைச் செய்யப்போகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நானும் மகளும் லீவில் ஆடுவோமே அந்தப் படகு விளையாட்டு, ஒருவர் சுக்கான் பிடிக்க இன்னொருவர் துடுப்புப் போடுவது. அவள்தான் எப்போதும் சுக்கான். "அப்பா, நீங்க இன்ஜின்" என்பாள். அதன் டிஸ்க் ஒன்றை மெஷினோடு சேர்த்தே வாங்கினேன். அவளிடம் பழைய மெஷின், என்னிடம் பிளஸ். இரண்டும் ஒரே தலைமுறை என்பதால் ஒரே விளையாட்டில் சேரலாம். உங்கள் நறுக்கில் கடைசிப் பத்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நெட் வந்தால் தினமும் மாலையில் நான் அவளோடு ஒரே படகில் இருப்பேன். வருடத்தில் ஒரு மாதம் வீட்டுக்கு வருகிறவனுக்கு இது குறைவா?

பெட்டியைப் பிரிக்கப்போகிறேன். மே எட்டிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன் என்று அவளிடம் சொல்லுங்கள். கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை


மே 3

மாப்பிள்ளைக்கு,

உறுதி செய்தது: அந்த ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இல்லை. கடலோடிகள் சங்கத்து வக்கீலிடம் இதுபோன்ற ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்று இருந்தது. அவரோடு உட்கார்ந்து வாசித்தேன். காப்பாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டபிறகு மாற்றாள் தேடும் பொறுப்பு நீதிமன்றத்துக்கும் இல்லை, ஏஜென்ட்டுக்கும் இல்லை என்றார். இப்போது நீங்கள் உத்தரவால் நிற்கிறீர்கள். அதன் பிறகு உங்கள் விருப்பத்தால் நிற்பீர்கள். வக்கீல் இன்னொரு கப்பலைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் "வித்துடும்" என்றுதான் சொன்னார்களாம். எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

என் கட்டுரையின் ஓட்டை பற்றி நீங்கள் எழுதியது சரி. பழையது எரிந்தவனைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவனுக்கு நடு மாடல் தேவைதான். ஆனால் கடைக்காரன் அவனிடம், இதை வாங்கினால் அடுத்த தலைமுறை வரும்போது நீ கடைக்கே வரக் கூடாது என்று எழுதி வாங்குவதில்லை. உங்கள் ஏஜென்ட் வாங்குகிறார்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில், "அப்பா எட்டாம் தேதியிலிருந்து ஏழு மணிக்குப் படகில் இருப்பாராம்" என்று மட்டும்தான் சொன்னேன். மகள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "கப்பல்ல நெட் யார் போட்டாங்க?" என்றாள்.

"ஏஜென்ட்."

"சும்மாவா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"அண்ணா, நீங்க பத்திரிகைக்காரர். பொய் சொல்லத் தெரியலைன்னா பேசாம இருங்க" என்றாள் தங்கை. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

மகள் எழுந்து போய்க் கைகழுவினாள். திரும்பி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்: "நான் வரமாட்டேன்னு எழுதுங்க."

"ஏண்டி, உங்க அப்பாவோட பேசக் கசக்குதா?" என்றாள் அவள் அம்மா.

"தினமும் வந்தா பழகிடும்மா. அவருக்கும் பழகிடும், எனக்கும் பழகிடும். அப்புறம் இதுவே போதும்னு ஆயிடும்." அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதை நான் உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. நடந்தது இது என்பதால் எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றாள் கேட்டு மனுப் போட நேரம் கொடுங்கள்.

மச்சான்


மே 21

மச்சான்,

நெட் இருந்த பத்து நாளும் உங்களை நான் கூப்பிடாதது வேண்டுமென்றேதான். உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் தங்கையோடு தினமும் பேசினேன். மகள் திரையில் முகம் காட்டி, "சாப்டீங்களா அப்பா?" என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். நான் உங்கள் மேல்தான் கோபப்பட்டேன். யார் மேலாவது படவேண்டியிருந்தது.

எட்டாம் தேதி பெட்டியைப் பிரித்தேன். டேப்பை வெட்டும்போது மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள், ஏதோ ஆபரேஷன் மாதிரி. டிஸ்க் வாயைப் பொருத்தினேன். நெட்டில் போய்ப் பதிந்துகொண்டது, நீங்கள் சொன்னபடியே. சமையல்காரர் கைதட்டினார்.

ஏழு மணிக்குப் படகு விளையாட்டில் நுழைந்தேன். நண்பர்கள் வரிசையில் அவள் பெயர் மட்டும்தான். பக்கத்தில் சாம்பல் புள்ளி. துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுக்கான் பிடிக்க ஆளில்லாமல் துடுப்புப் போட்டால் படகு வட்டம்தான் போடும். அதிலும் வட்டம். எலக்ட்ரீஷியன், "சீஃப், நான் வேணா சுக்கான் பிடிக்கட்டுமா?" என்றார். "வேணாம்" என்றேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். என் நேரம் முடிந்ததும் அவர்கள் கால்பந்து போடுவார்கள். கேப்டன் ஒரு ஆட்டம் ஜெயித்தார். ஏசியில் உட்கார்ந்து ஜெயித்ததால் கணக்கில் சேராது என்று சமையல்காரர் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். நாலைந்து நாளில் எனக்குப் பழக ஆரம்பித்துவிட்டது. நல்ல தூக்கம். பச்சைக் காய்கறி. ஜன்னலில் கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க மறந்துபோனேன். கையெழுத்துப் போடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அவள் வராவிட்டால் என்ன, ஒருநாள் வருவாள், நெட் இருக்கிறதே என்று நினைத்தேன்.

கடைசி நாள் மாலை புள்ளி பச்சையானது.

அவள் படகு வளைகுடா முனையைச் சுற்றி வந்தது. என் படகுக்குப் பக்கத்தில் நின்றது. என் படகில் ஏறவில்லை. மெஸ்ஸில் கேப்டன்கூட எழுந்து நின்றுவிட்டார். அவள் பேச்சுக் கட்டத்தில் ஒரே ஒரு சொல் வந்தது.

"எப்போ?"

நான் எழுத ஆரம்பித்தேன். கன்ட்ரோலரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட வேண்டும், உங்களுக்குத் தெரியுமே. "இப்போதை" வரைக்கும் போட்டுவிட்டேன். அங்கே கை நின்றுவிட்டது. அழித்தேன். வேறு சொல் தேடினேன். என்னிடம் வேறு சொல் இல்லை மச்சான். இத்தனை வருடம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே புள்ளி சாம்பலாகிவிட்டது.

மறுநாள் காலை ஏஜென்ட் பேனாவோடு வந்தார். கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏஜென்ட்டிடம் அவள் கேட்டதையே கேட்டேன். "எப்போ?" அவர் சிரித்தார். "இப்போதைக்கு எப்படி சார் சொல்ல முடியும்?" பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டேன்.

டிஷ் அன்றைக்கே இறங்கிவிட்டது. ஏசியும் போயிற்று. சமையல்காரர் என்னோடு பேசுவதில்லை. டின் மீனைத் தட்டில் வைக்கிற சத்தத்திலேயே பேசுகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நாளும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் யாருக்காக வேண்டாம் என்றேனோ அவள் ஒருத்திதான். நாலு பேருக்குமாக அதைச் சொல்லிவிட்டேன். அது எனக்கு உறுத்துகிறது. அன்று மாலை கேப்டன் கன்ட்ரோலரை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஏஜென்ட்டுக்குத் தெரியாத ஒன்று உண்டு. டிஸ்க் வாய் ஒருமுறை பதிந்துவிட்டதே, இனி நெட் வேண்டாம். கால்பந்து ஓடுகிறது. புது மெஷின் கரண்ட் கூடக் குடிப்பதால் அது ஓடும்போது ஃப்ரிட்ஜை அணைத்து வைக்கிறோம். ஃப்ரிட்ஜில் வைக்கவும் ஒன்றுமில்லை. நான் இறங்கினால் அந்த மெஷினை இங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். சமையல்காரருக்கு நான் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அவளிடம் கேளுங்கள், ஒதுக்கிவைத்த இடம் காலியாகவே இருந்தால் பரவாயில்லையா என்று.

மனுப் போடுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறுதியான செய்தி: உங்களுக்கு மாற்றாள் கேட்டுப் போட்ட மனுவை நீதிமன்றம் நேற்று ஏற்று எண் கொடுத்துவிட்டது. முத்திரை வைத்த பிரதி என் மேசையில் இருக்கிறது. சங்கத்து வக்கீல்தான் போட்டார். சம்மதித்துக் கையெழுத்துப் போடாத இன்ஜினியர் என்பதால்தான் மனுவுக்கு நிற்கக் கால் இருக்கிறது என்றார். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

சமையல்காரர், எலக்ட்ரீஷியன் விஷயத்தை அவரிடம் தனியாகக் கேட்டேன். உத்தரவு கேப்டனையும் இன்ஜினியரையும் மட்டும்தான் பிடித்து வைத்திருக்கிறது. மற்ற இருவரும் இறங்கச் சட்டத்தில் தடையே இல்லை. அவர்களை ஊருக்கு அனுப்பும் பொறுப்பை ஏஜென்ட் இத்தனை நாளும் தட்டிக் கழித்திருக்கிறார். அதையும் அதே மனுவில் சேர்த்திருக்கிறோம். சமையல்காரரிடம் இதைச் சொல்லுங்கள். நிச்சயம் என்று சொல்லாதீர்கள். கேட்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். கேப்டனுக்கு மாற்று கேட்க அவருடைய கடிதம் வேண்டுமாம். இந்தப் படகிலேயே வாங்கி அனுப்புங்கள்.

பிளஸ் மாடல் பற்றி வாசகர்கள் இன்னும் எழுதிக் கேட்கிறார்கள். போன வாரம் என் பத்தியில் இரண்டு வரி சேர்த்தேன்: "பழையது பழுதாகிவிட்டவர்கள் வாங்கலாம். ஆனால் வாங்கும்போது எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்." இப்போதுள்ள செய்தி ஆசிரியர், "ரெண்டாவது வரி எதுக்கு சார், கடையில யாரு எழுதி வாங்கறாங்க?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மெஷினை அங்கேயே விட்டுவரலாமா என்று மகளிடம் கேட்டேன். "விட்டுட்டு வரட்டும். கேப்டன் தாத்தா நிஜமாவே ஜெயிக்கணும் இல்ல?" என்றாள். அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் போகும்போது பார்த்தேன், அப்படியேதான் ஒதுங்கிக் கிடக்கிறது. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அன்று மாலை புள்ளி பச்சையானது பற்றி அவள் எங்களிடம் மூச்சு விடவில்லை. உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்டபோது, "சும்மா பார்க்கப் போனேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "மாமா, அந்த மெஷின்ல தண்ணி எப்படித் தெரியுதுன்னு அப்பாகிட்ட கேட்கணும்னு நினைச்சேன். வேற கேட்டுட்டேன்" என்றாள். கடிதத்தில் கேட்டு எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். கடிதத்தில் பதில் எழுத வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாள். நேரில் சொல்ல வேண்டுமாம்.

இனி பாக்கி இருப்பது. மாற்றாளாக வரச் சம்மதித்த இன்ஜினியர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவருடைய மருத்துவச் சான்று வரவில்லை, பதினைந்தாம் தேதிக்குள் வரும் என்கிறது சங்கம். ஏஜென்ட் எதிர்ப்பாரா என்பது தெரியவில்லை. எதிர்த்தால் தள்ளிப்போகலாம். விசாரணை ஜூன் 18, வியாழக்கிழமை காலை. உத்தரவு அன்று மாலைக்குள் தெரியும். தண்ணீர்ப் படகு மறுநாள் புறப்படுகிறது. அதில் வருவது என் கடிதமா, மாற்றாளா என்பது அன்று தெரியும்.

அன்புடன்,
மச்சான்